டாக்ரின் வழக்கு: நினைவு மாத்திரை உண்மையில் எதைத் தொட்டது?

1986 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஐந்தே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் வில்லியம் சம்மர்ஸும் அவருடைய சகாக்களும். அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்கு டெட்ராஹைட்ரோஅமினோஅக்ரிடின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். பின்னாளில் டாக்ரின் என்று பெயர் பெற்றது அதுதான். 17 பேரில் 12 பேர் சராசரியாக ஓராண்டுக்கு மேல் மருந்தைத் தொடர்ந்தார்கள். சிலரிடம் வியக்கத்தக்க முன்னேற்றம் என்று சொல்லி, கட்டுரையின் சுருக்கத்திலேயே மூன்று பேரைத் தனியாக எடுத்துக் காட்டினார்கள். ஒரு பெண்மணி விட்டுப்போன வீட்டு வேலைகளில் பெரும்பாலானவற்றை மறுபடி செய்யத் தொடங்கினார். ஒருவர் பகுதிநேர வேலைக்குப் போனார். ஓய்வுபெற்ற ஒருவர் தினமும் கோல்ஃப் ஆடக் கிளம்பிவிட்டார். குறிப்பிடும்படியான பக்கவிளைவு எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

அல்சைமருக்கு அதுவரை மருந்து என்று ஒன்றுமே கிடையாது. அப்பாவோ அம்மாவோ பெற்ற பிள்ளையின் பெயரை மறந்து உட்கார்ந்திருக்கும் வீடுகளில் இந்தச் செய்தி என்ன பாடு படுத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மருந்தை உடனே கொடுங்கள் என்று குடும்பங்கள் அரசை நெருக்கின. அடுத்த ஏழு ஆண்டுகள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கும் நோயாளிக் குடும்பங்களுக்கும் இடையே பெரும் இழுபறி நடந்தது.

இந்த வழக்கை மருந்து அனுமதி விவகாரமாகவே பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. டாக்ரின் மூளையில் கூட்டுவது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை. அதுதான் நினைவாற்றலின் ரசாயனம் என்று ஒரு தலைமுறை விஞ்ஞானிகள் நம்பினார்கள். அதற்குச் சான்றும் இருந்தது, அந்தச் சான்று ஒவ்வொன்றும் தன்னளவில் சரியானதும்கூட. ஆனாலும் மொத்தமாகச் சேர்த்துப் படித்த விதத்தில் ஒரு கோணல் விழுந்துவிட்டது. அது எங்கே விழுந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நம்பியதற்குக் காரணங்கள்

அசிட்டைல்கோலின் சின்ன மூலக்கூறு. கோலினோடு அசிட்டைல் தொகுதியை ஒட்டவைத்தால் ஆயிற்று. ஒட்டவைக்கும் நொதி கோலின் அசிட்டைல்டிரான்ஸ்ஃபரேஸ். வேலை முடிந்ததும் அதை வெட்டிப் போடும் நொதி அசிட்டைல்கோலினஸ்டரேஸ். உடலில் இருப்பவற்றிலேயே மிக வேகமாக வேலை செய்யும் நொதிகளில் இது ஒன்று. 1921ல் ஓட்டோ லூவி தவளையின் இதயத்தை வைத்து நரம்பு தன் செய்தியை ரசாயனமாக அனுப்புகிறது என்று காட்டினாரே, அந்த ரசாயனம் இதுதான். அவரும் ஹென்றி டேலும் 1936ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் அது இதயத்தின் கதை, தசையின் கதை. மூளைக்குள் இந்த ரசாயனத்துக்கு என்ன வேலை என்பது வெகுகாலம் பிடிபடவில்லை.

பிடி கொடுத்தது விஷம். ஊமத்தையில் அட்ரோபினும் ஸ்கோபோலமினும் இருக்கின்றன. இரண்டும் அசிட்டைல்கோலின் வந்து ஒட்டும் இடங்களில் ஒரு வகையான மஸ்கரினிக் ஏற்பிகளை அடைத்துக்கொள்பவை. ஊமத்தங்காய் தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருபவரின் வாய் காய்ந்திருக்கும், கண்மணி விரிந்திருக்கும், உடம்பு கொதிக்கும். இல்லாத ஆளோடு பேசுவார், காற்றில் எதையோ பொறுக்குவார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், ஆனால் கேட்ட கேள்வி பாதியில் நழுவிவிடும். தெளிந்த பிறகு விசாரித்தால் முந்தின நாள் நடந்தது எதுவும் நினைவில் இருக்காது.

இந்த மறதியை மருத்துவர்கள் வேண்டுமென்றே பயன்படுத்திய காலமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கார்ல் கவுஸ், பெர்ன்ஹார்டு க்ரோனிக் என்ற இருவர் பிரசவத்தின்போது மார்ஃபினோடு ஸ்கோபோலமினும் கொடுத்தார்கள். அதற்கு அந்தி உறக்கம் என்று பெயர் வந்தது. வலி முழுக்கப் போய்விடாது. பெண்கள் முனகுவார்கள், கத்துவார்கள், சொன்னபடி முக்கவும் செய்வார்கள். பிறகு பிரசவம் நடந்ததே ஞாபகம் இருக்காது. மருந்தின் அளவு போதுமா என்று கவுஸ் கண்டுபிடித்த முறை எளிமையானது. ஒரு பொருளைக் காட்டுவார், அரைமணி நேரம் கழித்து அதையே மறுபடி காட்டி, இதை முன்னால் பார்த்தீர்களா என்று கேட்பார். பார்த்ததாகச் சொன்னால் இன்னும் கொஞ்சம் மருந்து.

1974ல் டேவிட் டிராக்மனும் ஜேனட் லெவிட்டும் இதையே ஒழுங்கான ஆய்வாகச் செய்தார்கள். ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஸ்கோபோலமின் ஊசி போட்டு நினைவுச் சோதனைகள் வைத்தார்கள். ஐந்தாறு எண்களைக் கேட்டவுடன் திருப்பிச் சொல்ல அவர்களால் முடிந்தது. நீளமான சொற்பட்டியலைப் படித்து மனத்தில் நிறுத்த முடியவில்லை. மருந்து ஏறிய இளைஞர்களின் மதிப்பெண்கள் மருந்தே வாங்காத முதியவர்களின் மதிப்பெண்களைப் போலவே இருந்தன. வெறும் மயக்கத்தால் வந்த குழப்பமா இது என்ற கேள்விக்கும் டிராக்மன் சில ஆண்டுகளில் பதில் வைத்தார். விழிப்பூட்டும் ஆம்ஃபெட்டமின் கொடுத்தால் நினைவு திரும்பவில்லை. அசிட்டைல்கோலினைக் கூட்டும் ஃபைசோஸ்டிக்மின் கொடுத்தால் திரும்பியது. ஆகவே இது விழிப்பு சம்பந்தப்பட்டதல்ல, நினைவு சம்பந்தப்பட்டது என்று அவர் முடிவு கட்டினார். விழிப்புக்கும் நினைவுக்கும் நடுவில் கவனம் என்று ஒன்று இருப்பதை அந்தச் சோதனையால் பிரித்துப் பார்க்க முடியாது. இந்த இடத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1976, 1977 ஆண்டுகளில் பிரிட்டனின் மூன்று குழுக்கள், எடின்பரோ, லண்டன், நியூகாசில் நகரங்களிலிருந்து, ஒரே சேதியைச் சொன்னார்கள். அல்சைமரில் இறந்தவர்களின் மூளையின் மேலடுக்கான புறணியில் கோலின் அசிட்டைல்டிரான்ஸ்ஃபரேஸ் நொதி வெகுவாகக் குறைந்திருக்கிறது. புறணிக்கு அசிட்டைல்கோலினை அனுப்பும் நரம்பணுக்களில் பெரும்பாலானவை மூளையின் அடிப்பக்கத்தில் மெய்னெர்ட் உட்கரு என்ற சிறிய திட்டில் குடியிருக்கின்றன. 1981ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பீட்டர் ஒயிட்ஹவுஸ் குழு, குடும்பவழி அல்சைமரால் இறந்த 74 வயதுக்காரர் ஒருவரின் மூளையில் அந்தத் திட்டை எடுத்து எண்ணிப் பார்த்தது. 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நரம்பணுக்களைக் காணோம்.

இதற்குமேல் என்ன வேண்டும்? அடைத்தால் மறதி வருகிறது. நோயாளியின் மூளையில் அதே ரசாயனம் குறைந்திருக்கிறது. அதைத் தயாரிக்கும் அணுக்களே செத்துப் போயிருக்கின்றன. பார்க்கின்சன் நோயில் டோபமின் குறைகிறது என்று கண்டுபிடித்து, லெவோடோபா கொடுத்து, அசையாமல் கிடந்தவர்களை நடக்கவைத்த அதிசயம் 1960களின் கடைசியில்தான் நடந்திருந்தது. அதே வழியில் அல்சைமரும் வசப்படும் என்று எண்ணியதில் தப்பில்லை. 1982ல் ரேமண்ட் பார்டஸும் மூன்று சகாக்களும் சயின்ஸ் இதழில் இந்தச் சான்றுகளை ஒன்றாகக் கோத்து, அசிட்டைல்கோலின் குறைவதே முதுமை மறதிக்குக் காரணம் என்ற கொலினர்ஜிக் கருதுகோளை முன்வைத்தார்கள்.

மருந்து தேடியது

முதலில் மூலப்பொருளைக் கூட்டிப் பார்த்தார்கள். கோலின் கொடுத்தார்கள், லெசிதின் கொடுத்தார்கள். பயனில்லை. அடுத்த வழி, இருக்கிற அசிட்டைல்கோலினை வெட்டும் நொதியைத் தடுப்பது.

தமிழ்நாட்டின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நொதியை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து குடித்து வருபவருக்கு அடைபட்டிருப்பது இதே அசிட்டைல்கோலினஸ்டரேஸ்தான். வாயில் நுரை, ஊசிமுனைக் கண்மணி, சளி நிறைந்த நுரையீரல், வியர்வையில் நனைந்த உடம்பு. அதற்கு மாற்றாக ஏற்றுவது ஊமத்தைக் குடும்பத்தின் அட்ரோபின். அளவு மீறினால் நோயாளி படுக்கை விரிப்பைப் பிய்ப்பார், டிரிப்ஸைப் பிடுங்குவார், கையைக் கட்டிலோடு துணியால் கட்டிவைக்க நேரும். அசிட்டைல்கோலின் மிதமிஞ்சினால் என்ன, அடைபட்டால் என்ன என்ற இரண்டு பாடமும் ஒரே கட்டிலில் ஒரே வாரத்தில் கிடைத்துவிடும். டாக்ரின் அதே நொதியை மென்மையாக, மீளக்கூடிய விதத்தில் தடுக்கிறது. வித்தியாசம் அளவிலும் பிடிமானத்திலும் இருக்கிறது, இலக்கு ஒன்றுதான்.

ஃபைசோஸ்டிக்மின் அரைமணி, ஒருமணி நேரத்தில் கரைந்துவிடும் என்பதால் நாள்பட்ட நோய்க்கு உதவாது. டாக்ரின் 1940களில் ஆஸ்திரேலியாவில் ஆட்ரியன் ஆல்பர்ட் உருவாக்கிய பழைய பொருள். மூளைக்குள் புகும், கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். சம்மர்ஸ் அதை எடுத்துக்கொண்டார்.

1987ல் பல மையங்களில் பெரிய ஆய்வு தொடங்கியது. சில மாதங்களிலேயே நோயாளிகளின் கல்லீரல் நொதிகள் ஏறத் தொடங்க, ஆய்வை நிறுத்தி, அளவைக் குறைத்து மறுபடி தொடங்கவேண்டியதாயிற்று. 1991 ஜனவரியில் உணவு, மருந்து நிர்வாகம் சம்மர்ஸின் ஆய்வை நேரில் தணிக்கை செய்து, பதிவேடுகள் போதவில்லை என்று கட்டுரை வெளியான அதே இதழிலேயே எழுதியது. ஆய்வின் முடிவுகளை நம்பி எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் அதன் சாரம். ஆலோசனைக் குழு முதலில் அனுமதிக்கு ஒப்பவில்லை. 1993 செப்டம்பரில் கடைசியாக அனுமதி வந்தது. அல்சைமருக்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து.

பலன் என்ன? 1994ல் வெளியான 30 வார ஆய்வில் 663 பேர் சேர்ந்தார்கள், பாதிக்கும் மேற்பட்டோர் முடிவுவரை நிற்கவில்லை. நின்றவர்களில் கூடுதல் அளவு எடுத்தவர்களுக்குச் சோதனை மதிப்பெண் கூடியது. அதே ஆண்டு 2,446 பேரின் விவரத்தை வைத்து வந்த இன்னொரு அறிக்கையில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கல்லீரல் நொதி இயல்பைத் தாண்டியிருந்தது, கால்வாசிப் பேருக்கு மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது. மாத்திரையை நாளுக்கு நான்கு வேளை விழுங்கவேண்டும், தொடக்க மாதங்களில் வாரம்தோறும் ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். நேற்று என்ன சாப்பிட்டோம் என்று மறந்துபோகும் நோயாளிக்கு நான்கு வேளை மாத்திரை!

1996 நவம்பரில் ஜப்பானின் எய்சாய் நிறுவனத்தின் டோனெபெசில் வந்ததும் டாக்ரின் கதை முடிந்தது. ஹசிரோ சுகிமோட்டோவின் குழு உருவாக்கிய இந்த மருந்து நாளுக்கு ஒரு வேளை போதும், கல்லீரலைத் தொடாது. பின்னாலேயே ரிவாஸ்டிக்மினும் கேலன்டமினும் வந்தன. கல்லீரல் பிரச்சினை தீர்ந்தது. பலன்தான் அங்கேயே நின்றது. 70 புள்ளி அளவையில் மருந்து எடுத்தவருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவருக்கும் இடையே சுமார் 2, 3 புள்ளி வித்தியாசம். பிரிட்டனில் 565 பேரைக் கொண்டு நடந்து 2004ல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டு முடிவில் பராமரிப்பு இல்லத்தில் சேரவேண்டி வந்தவர்கள் டோனெபெசில் அணியில் 42 விழுக்காடு, மற்ற அணியில் 44 விழுக்காடு. லெவோடோபா செய்த அதிசயத்தோடு பக்கத்தில் வைத்துப் பேசக்கூடியதில்லை.

மூளையில் இவ்வளவு பெரிய பற்றாக்குறை இருந்து, அதை ஈடுகட்டியும் பலன் இவ்வளவு குறைவாக இருந்தால், மருந்து பலவீனம் என்று ஒரு பதில் சொல்லலாம். நாம் கேட்ட கேள்வியே தவறு என்று இன்னொரு பதிலும் சொல்லலாம். இரண்டாவது பதிலுக்கான சான்று அப்போதே எலிக்கூண்டுகளில் சேர்ந்துகொண்டிருந்தது.

எலிகள் சொன்ன சாட்சி

1980களில் எலியின் அடி முன்மூளையில், அதாவது மெய்னெர்ட் உட்கரு இருக்கும் பகுதியில், ஐபோடெனிக் அமிலத்தைச் செலுத்தி, அசிட்டைல்கோலின் அணுக்களை அழித்துப் பார்த்தார்கள். எலிகள் மறதிக்கு ஆளாயின. கருதுகோளுக்கு இன்னொரு ஆதரவு என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த அமிலம் அக்கம்பக்கத்து அணுக்களையும் சேர்த்தே கொல்லும். அதற்குப் பதிலாகக் குவிஸ்குவாலிக் அமிலம் போன்றவற்றைப் பயன்படுத்தியபோது விந்தையான சங்கதி தெரியவந்தது. அவை அசிட்டைல்கோலினை இன்னும் அதிகமாகக் குறைத்தன, நினைவுப் பாதிப்போ குறைவாக இருந்தது. 1991ல் ஸ்டீபன் டன்னெட், பேரி எவரிட், ட்ரெவர் ராபின்ஸ் மூவரும் இந்தத் தலைகீழ்க் கணக்கைத் தொகுத்து எழுதினார்கள். அசிட்டைல்கோலின் போனதால்தான் நினைவு போகிறது என்றால், அதிகம் போனால் அதிகம் மறக்கவேண்டும் இல்லையா?

அதே 1991ல் ரொனால்டு வைலியும் சகாக்களும் அதுவரை இல்லாத கருவி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவில் துணி வெளுக்கப் பயன்பட்ட சவக்காரச் செடி ஒன்று உண்டு. அதன் விதையில் சபோரின் என்ற புரதம் இருக்கிறது. அணுவுக்குள் நுழைந்துவிட்டால் அது புரதத் தயாரிப்பை நிறுத்தி அணுவைச் சாகடிக்கும். தானாக நுழையத் தெரியாது. அடி முன்மூளையின் அசிட்டைல்கோலின் அணுக்கள் தம் மேற்பரப்பில் பி75 என்ற ஏற்பியை ஏந்தியிருக்கின்றன, பக்கத்து அணுக்களில் அது இல்லை. அந்த ஏற்பியில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளோடு சபோரினைப் பிணைத்தார்கள். குறிப்பிட்ட அணுவுக்குள் மட்டும் விஷம் போனது, அண்டை அயல் தப்பியது.

இந்தக் கருவியை வைத்து மார்க் பாக்ஸ்டர், மிஷேலா கேலகர் ஆகியோர் 1995ல் செய்த ஆய்வு என் பார்வையில் இந்த வழக்கின் திருப்புமுனை. எலிகளின் அடி முன்மூளை அசிட்டைல்கோலினை அழித்துவிட்டு, கலங்கிய நீர்த்தொட்டியில் விட்டார்கள். நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையைச் சுற்றுப்புற அடையாளங்களை வைத்து நினைவில் நிறுத்திக் கண்டுபிடிக்க வேண்டும். இட நினைவுக்கு இது பெயர்போன சோதனை. அசிட்டைல்கோலின் இழந்த எலிகள் மற்ற எலிகளைப் போலவே மேடையைக் கற்றுக்கொண்டன.

அப்படியானால் எது கெட்டது? மார்ட்டின் சார்ட்டரும் ஜில் மெக்காகியும் வடிவமைத்த ஒரு பயிற்சியில் பதில் கிடைத்தது. எலியின் முன்னே ஒரு விளக்கு. அது அரை நொடியோ, நொடியில் இருபதில் ஒரு பங்கோ, நாற்பதில் ஒரு பங்கோ மின்னும். சில சுற்றுகளில் மின்னவே மின்னாது. மின்னினால் ஒரு நெம்பியை அழுத்தவேண்டும், மின்னாவிட்டால் மற்றதை. அசிட்டைல்கோலின் இழந்த எலிகள் மின்னியதைத் தவறவிட்டன. மின்னாத சுற்றுகளில் மட்டும் சரியான நெம்பியை முன்போலவே அழுத்தின. அதாவது எந்த நெம்பி எதற்கு என்ற விதியை அவை மறக்கவில்லை. மறந்திருந்தால் இரண்டு பக்கமும் பிசகியிருக்கும். விதி நினைவிருக்கிறது, விளக்கு கண்ணில் பட்டும் கருத்தில் படவில்லை.

கற்றலைப் பற்றியும் அதே ஆண்டில் ஆண்ட்ரியா சீபா, கேலகர் குழு நுட்பமான ஒன்றைக் காட்டியது. இதுவரை தவறாமல் வந்த குறிப்பு திடீரென்று தவறத் தொடங்கினால் சாதாரண எலி அதன்மேல் கூடுதல் கவனம் வைக்கும். அதனால் அடுத்து அந்தக் குறிப்பைப் பற்றி வேகமாகக் கற்கும். அசிட்டைல்கோலின் போன எலிக்கு அந்தக் கூடுதல் கவனம் வருவதில்லை. கற்கும் திறன் இருக்கிறது. எதைக் கற்கவேண்டும் என்று சுட்டும் திறன்தான் மங்கிவிட்டது.

கிட்டங்கியில் சரக்கு காணாமல் போனால் இருப்பறையை மட்டும் குடைந்து பயனில்லை, வாசலில் வரவு வைக்கும் கணக்குப்பிள்ளை அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கவேண்டும். டிராக்மனின் இளைஞர்கள் விஷயத்தில் யாரும் கணக்குப்பிள்ளையை விசாரிக்கவில்லை. சொற்பட்டியல் மனத்தில் தங்காததை இருப்பறைக் கோளாறு என்று எழுதிக்கொண்டார்கள். புது நினைவுகளைப் பதிக்கும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸிலும் ஸ்கோபோலமின் வேலை செய்யும் என்பதால் இருப்பறைக்குச் சம்பந்தமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பங்கு வாசலில் நடந்தது.

நொடிக்குள் நடப்பது

2007ல் விநய் பாரிக், சார்ட்டர் குழுவினர் எலியின் முன்மூளைப் புறணியில் நுண்மின்முனைகளை வைத்து அசிட்டைல்கோலின் வெளியீட்டை நேரடியாக அளந்தார்கள். எலி குறிப்பைக் கண்டுகொண்ட சுற்றுகளில் சில நொடிகளுக்கு ஒரு வீச்சு எழுந்து அடங்கியது. குறிப்பு வந்தும் எலி தவறவிட்ட சுற்றுகளில் வீச்சே இல்லை. பின்னர் 2016ல் இதே வட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஒளியால் அந்த அணுக்களைத் தூண்டிப் பார்த்தார்கள். விளக்கு மின்னாத சுற்றில் வீச்சைச் செயற்கையாக எழுப்பினால், எலி மின்னியதாக நினைத்து நெம்பியை அழுத்தியது. இல்லாத ஒன்றைக் கண்டதாக நம்பவைக்கும் அளவுக்கு அந்த ஒற்றை வீச்சுக்குச் செல்வாக்கு.

கவனம் கற்றலாக மாறுவதையும் பார்த்திருக்கிறார்கள். 1998ல் மைக்கேல் கில்கார்டும் மைக்கேல் மெர்செனிக்கும் 9 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்கவைக்கும் ஒவ்வொரு தடவையும் எலியின் மெய்னெர்ட் உட்கருவை மின்சாரத்தால் தூண்டினார்கள். எலி ஒன்றும் செய்யவேண்டியதில்லை, பரிசும் இல்லை. சில வாரங்களில் செவிப்புறணியில் அந்த ஒலிக்குரிய பரப்பு விரிந்துவிட்டது. வெறும் ஒலியால் அது நடக்காது. இது முக்கியம் என்ற முத்திரை விழுந்த ஒலி மட்டுமே புறணியில் இடம் பிடிக்கிறது.

இப்போது டோனெபெசிலுக்கு வாருங்கள். வீச்சு நொடிக்கணக்கில் எழுந்து அடங்கவேண்டியது, அந்தந்தக் குறிப்போடு ஒட்டி வரவேண்டியது. நொதியைத் தடுக்கும் மாத்திரையோ ஒட்டுமொத்த மட்டத்தை நாள் முழுக்க உயர்த்துகிறது. மிச்சமிருக்கும் அணுக்கள் எழுப்பும் வீச்சைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், செத்த அணுவின் வீச்சைப் புதிதாக எழுப்பாது. 2, 3 புள்ளிக்கு மேல் ஏன் ஏறவில்லை என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

மறுபாதியை 2002ல் ஸ்டீவன் டிகோஸ்கி குழு கொடுத்தது. லேசான மறதி நிலையிலேயே இறந்தவர்களின் மூளையில் கோலின் அசிட்டைல்டிரான்ஸ்ஃபரேஸ் குறையவே இல்லை. ஹிப்போகாம்பஸில் கூடியிருந்தது! 1970களில் அளந்ததெல்லாம் நோய் முற்றி இறந்தவர்களின் மூளை. நோய் தொடங்கும்போது வரும் மறதிக்கு அசிட்டைல்கோலின் பற்றாக்குறை காரணமாக இருக்கமுடியாது. அந்தப் பற்றாக்குறை பின்னால் வந்து சேர்கிறது, வந்து சுமையைக் கூட்டுகிறது.

இரவு நேரத்துக் கணக்கும் தனி. ஆழ்ந்த உறக்கத்தில் மூளையின் அசிட்டைல்கோலின் தானாகவே வெகுவாகக் குறைகிறது. மைக்கேல் ஹாசல்மோவின் விளக்கப்படி, மட்டம் உயர்ந்திருக்கும்போது மூளை வெளியிலிருந்து வருவதை வாங்குகிறது, தாழ்ந்திருக்கும்போது உள்ளே சேர்ந்ததை ஹிப்போகாம்பஸிலிருந்து புறணிக்கு மாற்றிப் பதிக்கிறது. 2004ல் ஸ்டெஃபன் கைஸும் யான் போர்னும் தூங்கும் இளைஞர்களுக்கு முன்னிரவில் ஃபைசோஸ்டிக்மின் ஏற்றிப் பார்த்தார்கள். படுக்கப்போகுமுன் படித்த சொல் இணைகள் காலையில் குறைவாகவே நினைவிருந்தன. எந்த மருந்து டிராக்மனின் கையில் நினைவை மீட்டதோ, அதே மருந்து உறக்கத்தில் நினைவைக் கெடுத்தது. ராத்திரி டோனெபெசில் போட்டுக்கொண்டு கெட்ட கனவு, அரைத்தூக்கம் என்று புலம்புபவர்களுக்கு மாத்திரையைக் காலைக்கு மாற்றிக் கொடுப்பது வழக்கம்.

மூன்று நோயாளிகள், மறுபடியும்

சம்மர்ஸின் பதிவேடுகள் ஒழுங்காக இல்லை என்று ஆனபிறகு அந்த மூன்று பேரையும் சான்றாக வைக்க முடியாது. ஆனாலும் அவர்களைப் பற்றிச் சொன்னதை எழுத்துக்கெழுத்து படியுங்கள். பழைய கல்யாணத் தேதி ஞாபகம் வந்தது, பேரன் பெயரைச் சொன்னார் என்றா எழுதினார்கள்? சமையல்கட்டு வேலை, பகுதிநேர உத்தியோகம், கோல்ஃப். மூன்றுமே கையில் எடுத்ததை நடுவில் விடாமல் முடிக்கவேண்டிய காரியங்கள். இன்றைக்கும் டோனெபெசில் எடுப்பவரின் மகளிடம் கேட்டால், அம்மாவுக்கு ஞாபகம் கூடியது என்று சொல்பவர்கள் குறைவு. பேசினால் முகம் பார்க்கிறார், டிவி சீரியலை உட்கார்ந்து பார்க்கிறார் என்பார்கள். அந்தச் சொல்லை மருத்துவர்கள் அலட்சியமாகக் கடந்துவிடுகிறார்கள். அளவுகோல் சொற்பட்டியலாக இருக்கும்வரை அந்த மாற்றத்துக்கு மதிப்பெண் விழாது.

கவனம்தான் முதன்மையாகக் குலையும் நோய்களில் இதே மருந்துகள் கூடுதல் மரியாதை பெற்றதையும் பார்க்கவேண்டும். லூயி உடல் டிமென்ஷியா என்ற மறதிநோய் வகையில் நோயாளி காலையில் தெளிவாக இருப்பார், மதியம் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், இல்லாத குழந்தைகளையும் பிராணிகளையும் காண்பார். ஊமத்தை தின்றவரின் சாயல் இதில் தெரிகிறதல்லவா? அசிட்டைல்கோலின் இழப்பு அல்சைமரைவிட இதில் முன்கூட்டியே வருகிறது, கடுமையாகவும் இருக்கிறது. 2000ல் இயன் மெக்கீத் குழு ரிவாஸ்டிக்மினை இவர்களுக்குக் கொடுத்துப் பலன் கண்டது. 2004ல் பார்க்கின்சன் டிமென்ஷியா நோயாளிகள் 541 பேரிடம் முராத் எம்ரே குழு நடத்திய ஆய்வு, 2006ல் அந்த நோய்க்கு ரிவாஸ்டிக்மின் அனுமதி பெற வழி செய்தது. அல்சைமருக்கென்று பிறந்த மருந்து வகைக்குப் பொருத்தமான வீடு பக்கத்துத் தெருவில் இருந்திருக்கிறது.

மருந்துப் பையில் மோதல்

கொஞ்சமாகக் கூட்டுவதில் இவ்வளவு ஆராய்ச்சி நடந்திருக்க, அடைப்பதை நாம் யோசிக்காமலே செய்துகொண்டிருக்கிறோம். சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், சளிக்கு குளோர்ஃபெனிரமின், வயிற்று வலிக்கு டைசைக்ளோமின், மனநல மருந்தோடு ஒட்டிவரும் டிரைஹெக்ஸிஃபெனிடில், சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின். அத்தனையும் மஸ்கரினிக் ஏற்பியை அடைப்பவை. தனித்தனியே பார்த்தால் சின்ன அளவு. எழுபத்தைந்து வயதில், ஏற்கெனவே அணுக்கள் குறைந்த மூளையில், மூன்று நான்கு சேர்ந்தால் நிலைமை வேறு. சியாட்டில் பகுதியில் 65 வயதைக் கடந்த 3,434 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015ல் வெளியான ஆய்வில், இத்தகைய மருந்துகளை நீண்டகாலம் எடுத்தவர்களிடம் டிமென்ஷியா அதிகமாகக் காணப்பட்டது. மருந்துதான் காரணம் என்று அந்த வகை ஆய்வால் நிரூபிக்க முடியாது. ஆனால் மருந்து எடுக்கும் நாட்களில் கவனம் மங்குவதற்கு நிரூபணம் தேடவேண்டியதில்லை, அது மருந்தியல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

இதில் எனக்கு எரிச்சலூட்டுவது டோனெபெசிலும் ஆக்ஸிபியூட்டினினும் ஒரே சீட்டில் இருப்பதுதான். அது எப்படி நேர்கிறது என்பதைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுதீப் கில் குழு 2005ல் காட்டியது. டோனெபெசில் மூளையில் மட்டும் வேலை செய்வதில்லை, சிறுநீர்ப்பையையும் சுருங்கவைக்கிறது. பெரியவர் பாத்ரூம் போகுமுன் வேட்டியை நனைத்துவிடுகிறார். வீட்டார் அதை வயசுக் கோளாறு என்றோ நோய் முற்றிவிட்டது என்றோ எடுத்துக்கொள்கிறார்கள், வேறொரு மருத்துவர் சிறுநீர் மாத்திரை எழுதுகிறார். நொதித் தடுப்பு மருந்து எடுக்கும் டிமென்ஷியா நோயாளிகளுக்கு அந்தச் சிறுநீர் மாத்திரை எழுதப்படும் வாய்ப்பு, எடுக்காதவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. முதல் மாத்திரை கூட்டியதை இரண்டாவது மாத்திரை அடைக்கிறது. இரண்டுக்கும் குடும்பம் காசு கொடுக்கிறது.

சிறுநீர்த் தொல்லை டோனெபெசில் தொடங்கிய பிறகு வந்ததா, முன்பே இருந்ததா என்று முதலில் தேதியைக் கேட்கவேண்டும். தொடங்கிய பிறகு என்றால் டோனெபெசில் அளவைக் குறைத்தோ நிறுத்தியோ பார்ப்பது முதல் வேலை. முன்பே இருந்தது, மருந்து தந்தே ஆகவேண்டும் என்றால் மிராபெக்ரான் இருக்கிறது. ரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும், ஆனால் அது பீட்டா 3 ஏற்பி வழியாகச் சிறுநீர்ப்பையைத் தளர்த்துவது, அசிட்டைல்கோலின் பக்கம் போகாது.